டர்ட் பைக்கில் உற்பத்திக் குறை: பாலக்காட்டு எல்லையில் வாரண்டி கேட்டு வாங்குவது எப்படி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்தில் இருக்கும் நாம் வண்டியைக் கோயம்புத்தூரிலோ பொள்ளாச்சியிலோ வாங்கி, பாலக்காடு மாவட்டச் சித்தூரில் பதிவு செய்து, தென்னந்தோப்பு மண் தடங்களிலும் வாகமண் மேட்டிலும் ஓட்டுகிறோம். சாதாரண சாலை வண்டிக்கு இதனால் பெரிய தொல்லை எதுவும் இல்லை. டர்ட் பைக் என்றால் உண்டு. குறை எதுவாக இருந்தாலும் ஷோரூமில் முதலில் வரும் பதில் "கரடுமுரடாக ஓட்டியிருக்கிறீர்கள், அதனால் வந்தது" என்பதுதான். வாங்கிய புதிதிலேயே என் வண்டியின் கிராங்க் கேஸ் (என்ஜினின் அடிப்பகுதி அலுமினியக் கூடு) வார்ப்பிலிருந்து ஆயில் கசியத் தொடங்கியது. அதை வாரண்டியில் மாற்றி வாங்குவதற்குள் அலைந்த அலைச்சலில் தெரிந்துகொண்டவற்றை, இனி வாங்கப்போகிறவர்களும் இப்போது மாட்டிக்கொண்டிருப்பவர்களும் பயன்படுத்திக்கொள்ளும் வகையில் எழுதுகிறேன். வாரண்டி கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் முதல் ஜாப் கார்டில் (வண்டியைச் சர்வீஸுக்கு விடும்போது புகாரை எழுதும் தாளில்) என்ன எழுதப்பட்டது என்பதிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதனால் நான்காவது படியைப் பொறுமையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. உங்கள் வண்டி எந்த வகை என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

டர்ட் பைக் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரண்டு வகை உண்டு. ஹீரோ எக்ஸ்பல்ஸ், கவாசாகி கே.எல்.எக்ஸ். 230 போன்றவை நம்பர் பிளேட்டோடு சாலையில் ஓடக்கூடியவை. கவாசாகி கே.எக்ஸ்., கே.டி.எம். எஸ்.எக்ஸ். வரிசை வண்டிகள் போட்டித் தடத்துக்கு மட்டுமே உரியவை. அவற்றைப் பதிவு செய்ய முடியாது. பெயர் ஒன்றுபோல இருப்பதை நம்பிவிடக் கூடாது. கே.எல்.எக்ஸ். 230 பதிவாகும், கே.எல்.எக்ஸ். 230ஆர் எஸ் பதிவாகாது.

முதல் வகைக்கு ஆண்டுக் கணக்கிலும் கிலோமீட்டர் கணக்கிலும் முறையான வாரண்டி தருகிறார்கள். இரண்டாம் வகைக்கு வாரண்டி மிகக் குறுகியதாகவோ, இல்லாமலேயோ இருக்கலாம். பராமரிப்புக் கணக்கும் கிலோமீட்டரில் அல்லாமல் என்ஜின் ஓடிய மணிக்கணக்கில் போகும். ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன்பே வாரண்டி நிபந்தனைத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். "போட்டியில் பயன்படுத்தினால் செல்லாது" என்ற வரி அநேகமாக எல்லாத் தாளிலும் இருக்கும். அதே தாளில் பிரேக் பேட், கிளட்ச் பிளேட், செயின் ஸ்பிராக்கெட், கேபிள், பல்பு போன்ற தேய்மானப் பொருள்கள் விலக்கப்பட்டிருக்கும். டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்த நிறுவனங்களின் வாரண்டி தனி. அதை வண்டி நிறுவனத்திடம் கேட்டுப் பயனில்லை.

2. டெலிவரி அன்றே கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

வரி விலைப்பட்டியல், விற்பனைச் சான்றான படிவம் 21, தயாரிப்பாளர் தரும் படிவம் 22, வாரண்டிப் புத்தகம், டெலிவரிக்கு முந்தைய சோதனைத் தாள் ஆகிய ஐந்தையும் வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள். பதிவாகாத வண்டிக்குப் படிவங்கள் இருக்காது. அங்கே விலைப்பட்டியலில் சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் அச்சாகியிருப்பது மிக முக்கியம். படிவம் 21-இல் வண்டி தயாரான மாதமும் ஆண்டும் இருக்கும். நெடுநாள் கிடங்கில் நின்ற வண்டியில் ரப்பர் சீல்கள் காய்ந்துபோக வாய்ப்பு உண்டு என்பதால் அதைப் பாருங்கள்.

வாரண்டி விற்பனை நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. பதிவு எண் வந்த நாளிலிருந்து அல்ல. மாத இலக்கை எட்டுவதற்காகச் சில ஷோரூம்களில் டெலிவரிக்கு முன்பே விற்பனையைக் கணினியில் ஏற்றிவிடுவது உண்டு. நிறுவனத்தின் செயலியிலோ வாடிக்கையாளர் எண்ணிலோ உங்கள் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து விற்பனைத் தேதி விலைப்பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று அந்த வாரத்திலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

3. குறையா, தேய்மானமா என்று வீட்டிலேயே பிரித்துப் பாருங்கள்

சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன் இதைச் செய்வது உங்கள் வாதத்துக்குப் பலம். வண்டியில் எதையும் கழற்ற வேண்டாம். கழற்றிய தடம் தெரிந்தால் அதுவே மறுப்புக்குக் காரணமாகும்.

ஆயில் கசிவை எடுத்துக்கொள்வோம். கசியும் பக்கத்தை நன்றாகத் துடைத்து, பிரேக் கிளீனர் அடித்துக் காயவிட்டு, அதன் மேல் முகத்துக்குப் பூசும் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். என்ஜினை ஓடவிட்டுச் சூடேறியதும் டார்ச் அடித்துப் பாருங்கள். கேஸ்கெட் (இரு பாகங்களுக்கு இடையே வைக்கும் அடைப்புத் தகடு) கோட்டை ஒட்டிப் பவுடர் நனைந்தால் கேஸ்கெட்டோ போல்ட்டின் இறுக்கமோ காரணமாக இருக்கலாம். கோட்டிலிருந்து விலகி, அலுமினிய வார்ப்பின் நடுவில் குண்டூசித் தலை அளவில் ஒரு புள்ளி கறுத்து, அது மெதுவாகப் பெரிதானால், வார்ப்பில் நுண்துளை இருக்கிறது என்று பொருள். சுற்றிலும் கல் பட்ட தழும்பு இல்லையென்றால் அது தொழிற்சாலையில் வந்த குறைதான். இதைத் தொடக்கம் முதல் வெட்டாமல் வீடியோ எடுங்கள். முதல் காட்சியிலேயே ஓடோமீட்டரும் சேஸிஸ் எண்ணும் தெரியட்டும்.

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் சீல் ஒழுகினால், ஃபோர்க் குழாயின் பளபளப்பான பகுதியில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் கீறல் இருக்கிறது. கல்லோ காய்ந்த சேறோ கிழித்திருக்கலாம், வாரண்டி கிடைப்பது கடினம். குழாய் வழுவழுப்பாக இருந்தும் ஒழுகினால் விடாமல் கேளுங்கள். ஹேண்டில் பாரை நேராக்கினால் நடுவில் ஓரிடத்தில் பிடித்துக்கொள்வது போல இருந்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) பழுது. முதல் சர்வீஸுக்குள் வந்தால் அது பெரும்பாலும் இறுக்கம் சரியில்லாததாலோ கிரீஸ் போதாமையாலோ வருவது; பல மாதம் குதித்து ஓட்டிய பிறகு வந்தால் தேய்மானக் கணக்கில் தள்ளிவிடுவார்கள். ஸ்போக் தளர்வது புது வண்டியில் இயல்பு. முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு இறுக்கியே ஆக வேண்டும், அதைக் குறை என்று எடுத்துக்கொண்டு சண்டை போடாதீர்கள்.

நமக்கு எதிராக அவர்கள் தேடும் முதல் சாட்சி ஏர் ஃபில்ட்டர். என்ஜின் சம்பந்தப்பட்ட எந்தக் கோரிக்கையிலும் ஃபில்ட்டரைக் கழற்றி, என்ஜினுக்குக் காற்று போகும் ரப்பர்க் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பார்கள். துணியில் நறநறவென்று செம்மண் ஒட்டினால் கோரிக்கை அங்கேயே முடிந்தது. ஸ்பாஞ்ச் ஃபில்ட்டர் உள்ள வண்டியென்றால் தூசித் தடத்தில் ஓட்டிய ஒவ்வொரு முறையும் கழுவி, ஃபில்ட்டர் ஆயில் தடவி மாட்டுங்கள். ஆயில் வாங்கிய பில்லைக் கூட எடுத்து வையுங்கள். ஆற்றைக் கடக்கும்போது ஃபில்ட்டர் வழியாக என்ஜினுக்குள் தண்ணீர் போனால் எந்த வாரண்டியும் உதவாது.

4. ஜாப் கார்டு: எல்லாம் இங்கேதான் இருக்கிறது

சர்வீஸ் அட்வைசரிடம் கால் மணி நேரம் விளக்கமாகச் சொல்லியிருப்பீர்கள். அவர் தலையாட்டிவிட்டு எழுதுவது "ஆயில் லீக் செக், ஜெனரல் செக்கப்" என்ற ஐந்து சொற்களாக இருக்கும். பல மாதங்கள் கழித்து நிறுவனத்தின் பொறியாளரோ நுகர்வோர் ஆணையமோ பார்ப்பது அந்த ஐந்து சொற்களைத்தான். நீங்கள் வாயால் சொன்னதற்கு எந்த மதிப்பும் இல்லை.

எனவே குறையை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், அதே வாசகத்தை ஜாப் கார்டில் ஏற்றச் சொல்லுங்கள். நான் எழுதியது ஏறத்தாழ இப்படி: "கிராங்க் கேஸின் இடப்பக்கம், கேஸ்கெட் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே, வார்ப்பிலிருந்தே ஆயில் கசிகிறது. விழுந்த தடமோ கல் பட்ட தடமோ இல்லை. முந்தைய சர்வீஸிலும் இதே புகார் சொல்லப்பட்டது." இடம், அறிகுறி, அடிபடாத நிலை, முன் புகார் ஆகிய நான்கும் அதில் இருப்பதைக் கவனியுங்கள். "கார்டில் இடம் இல்லை சேட்டா, நான் சிஸ்டத்தில் போட்டுக்கொள்கிறேன்" என்றால், அந்த இடத்திலேயே உங்கள் தாளைக் கார்டோடு பின் அடித்து, இரண்டிலும் முத்திரை வாங்குங்கள். பாலக்காட்டு ஒர்க்ஷாப்களில் கார்டை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோதான் நிரப்புவார்கள். மலையாளம் படிக்கத் தெரியாதவர்கள் வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஜாப் கார்டு இணைப்பு சில நாளில் திறக்காமல் போகலாம் என்பதால் உடனே சேமித்துவிடுங்கள்.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது இன்னொரு பொறி உண்டு. "வேலை திருப்தியாக முடிந்தது" என்று அச்சிட்ட இடத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். அப்போதே பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். சரியாகவில்லையென்றால் "குறை நீடிக்கிறது" என்று உங்கள் கைப்பட எழுதி, அதன் கீழே கையெழுத்திடுங்கள். இதற்கு முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். ஒரே குறை மூன்று கார்டுகளில் ஒரே வாசகத்தில் தொடர்ந்து வந்திருந்தால், அதைவிட வலுவான ஆவணம் உங்களுக்குக் கிடைக்காது. வெவ்வேறு வாசகத்தில் வந்திருந்தால் அவை மூன்று வெவ்வேறு சில்லறைப் புகார்களாகிவிடும்.

சைலன்ஸர் மாற்றியது, கூடுதல் விளக்குக்காக வயரிங்கை வெட்டி ஒட்டியது, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வில் கைவைத்தது ஆகியவை இருந்தால் அவர்கள் முதலில் அதைப் படம் எடுப்பார்கள். மாற்றம் செய்த பாகத்துக்கும் குறைக்கும் தொடர்பே இல்லையென்றால் அதையும் எழுத்தில் வாதாடுங்கள். விளக்குக்கான வயரிங் வெட்டு கிராங்க் கேஸில் துளை போடாது. சமூக வலைத்தளத்தில் பந்தய எண் ஒட்டிய வண்டியோடு படம் போட்டிருந்தால் அதையும் அவர்கள் தேடி எடுப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

5. எந்த மாநிலத்து சர்வீஸ் சென்டர்?

தயாரிப்பாளர் தரும் வாரண்டி பொதுவாக இந்தியா முழுவதும் உள்ள அதிகாரப்பூர்வ சென்டர்களில் செல்லும். கோயம்புத்தூரில் வாங்கிய வண்டியைப் பாலக்காட்டில் காட்டலாம். "வாங்கிய இடத்துக்கே போங்கள்" என்று திருப்பி அனுப்பினால் அதை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தரமாட்டார்கள், வண்டியை உள்ளே எடுத்துக்கொள்வார்கள். ஷோரூம் தன் பங்குக்கு வாய்மொழியாகத் தந்த கூடுதல் இலவசங்கள் மட்டும் அந்த ஷோரூமோடு நின்றுவிடும்.

என் அனுபவத்தில், ஒரே சென்டரில் தொடர்வது நல்லது. பாதிக் கார்டு வாளையாருக்கு அந்தப் பக்கமும் பாதி இந்தப் பக்கமும் இருந்தால், இரு தரப்பும் மற்றவரைக் கைகாட்டுவது எளிதாகிவிடும். வேறு வழியில்லாமல் மாற வேண்டியிருந்தால், பழைய கார்டுகளின் நகலைப் புதிய கார்டோடு இணைத்துக் கொடுங்கள். பதிவாகாத வண்டியைச் சாலையில் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். குட்டியானை வாடகைக்குப் பிடித்து ஏற்றிச் சென்று, வாடகை ரசீதை வாங்கி வையுங்கள். பின்னால் இழப்பீடு கேட்க அது உதவும்.

6. என்ன செலவாகும்?

வாரண்டியில் பாகமும், பொதுவாக அதைப் பொருத்தும் கூலியும் இலவசம். என்ஜின் ஆயில், கூலன்ட் போன்றவற்றுக்குப் பல நிறுவனங்கள் காசு வாங்குகின்றன. நிபந்தனைத் தாளில் பார்த்துவிட்டுக் கொடுங்கள். இலவசமாக மாற்றிய பாகத்துக்கு "ஜி.எஸ்.டி. மட்டும் கட்டுங்கள்" என்று கேட்டால் கட்டாதீர்கள். வாடிக்கையாளரிடம் விலை வாங்காமல் வாரண்டியில் மாற்றித் தரும் பாகத்துக்கு அவரிடம் ஜி.எஸ்.டி. வசூலிக்க வேண்டியதில்லை என்று 2023 ஜூலையில் வெளியான 195-ஆம் எண் சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. அந்த எண்ணைச் சொன்ன மாத்திரத்தில் பில் மாறுவதைப் பார்க்கலாம்.

விழுந்ததால் வந்த சேதத்தை வாரண்டியில் கேட்காதீர்கள், அது இன்சூரன்ஸ் வேலை. அதே சமயம் வழக்கமான வண்டி இன்சூரன்ஸில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டிருக்கின்றன. இயந்திரப் பழுதும் தேய்மானமும் அதில் வராது.

7. மறுத்தால் அடுத்த படி

மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால், "இன்ன தேதியில் வாய்மொழியாக இந்தக் காரணம் சொல்லி மறுத்தீர்கள்" என்று நீங்களே ஷோரூமுக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள். நிறுவனத்தின் பகுதிப் பொறியாளர் நேரில் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஷோரூமைவிட அவருக்கே முடிவெடுக்கும் அதிகாரம் அதிகம். அவர் வரும் நாளில் நீங்கள் கட்டாயம் அருகில் இருங்கள்.

பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். தமிழிலும் பேசலாம். கட்டணம் இல்லை. அவர்கள் உத்தரவு போட முடியாது, ஆனால் புகார் நிறுவனத்தின் தலைமைக்குப் போகிறது. அதோடு ஷோரூமுக்கும் தயாரிப்பாளருக்கும் 15 நாள் கெடு வைத்து ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள், வழக்கறிஞர் கட்டாயமில்லை. 2025 செப்டம்பரிலிருந்து பதிவுத்தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்க்கப்பட்டுவிட்டதால், ஸ்பீடு போஸ்ட்டில் பதிவு வசதியையும் சேர்த்துக் கேட்டு அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள். ஒரு கடிதத்துக்கு நூறு ரூபாய்க்குள் முடியும்.

பிரேக், ஃப்ரேம், ஸ்டியரிங் போன்ற உயிருக்கு ஆபத்தான குறையென்றால், அரசின் வாகனப் பதிவுத் தளமான வாகன் தளத்தில் திரும்பப் பெறுதல் பகுதியிலும் புகார் பதியுங்கள். 2019 திருத்தத்தின் வழியாக மோட்டார் வாகனச் சட்டத்தில் வந்த 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது.

8. நுகர்வோர் ஆணையம்

எல்லையோரத்தாருக்குப் பெரிய வசதி 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு. வாங்கிய ஊரில் அல்லாமல், குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். கோயம்புத்தூரில் வாங்கிய கொழிஞ்சாம்பாறைக்காரர் பாலக்காடு மாவட்ட ஆணையத்துக்கும், பாலக்காட்டில் வாங்கிய பொள்ளாச்சிக்காரர் கோயம்புத்தூர் ஆணையத்துக்கும் போகலாம். ஷோரூம் பில்லில் "வழக்குகள் இன்ன ஊருக்கு உட்பட்டவை" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம்.

வண்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். ஷோரூம், தயாரிப்பாளர், இறக்குமதி வண்டியென்றால் இறக்குமதியாளர் என அனைவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவர் மேல் பழி போடுவார். இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்திலும் தாக்கல் செய்யலாம். காலவரம்பு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. "பாகம் வந்துவிடும், வந்துவிடும்" என்று இழுத்தடிப்பதில் இந்த 2 ஆண்டு கரைந்துபோவதுதான் நான் அதிகம் பார்த்த விபத்து. மூணாறு, வாகமண் பக்கம் வண்டிகளை வாடகைக்கு விடுவதற்காக வாங்கியவர்கள் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்; வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார், பிழைப்புக்காகத் தானே நடத்தும் சுயதொழில் என்றால் மட்டுமே விலக்கு உண்டு.

உற்பத்திக் குறை என்று சொன்னால் போதாது, நிபுணர் கருத்து வேண்டும். ஆணையம் வண்டியைச் சோதனைக்கு அனுப்பலாம். அதற்கான கட்டணத்தை நீங்கள் முதலில் கட்டவேண்டி வரும். மோட்டார் வாகன ஆய்வாளரையோ பொறியியல் கல்லூரி மெக்கானிக்கல் துறை ஆசிரியரையோ நிபுணராக நியமிக்கக் கோரி, தொடக்கத்திலேயே தனி மனு கொடுங்கள். சட்டப்படி எதிர்த்தரப்பு பதிலளிக்க 30 நாளும், கூடுதலாக 15 நாளும் உண்டு. சோதனை இல்லாத வழக்கு 3 மாதத்திலும், சோதனை உள்ளது 5 மாதத்திலும் முடிய வேண்டும். நடைமுறையில் அதைவிட நீளும்.

புது வண்டியே வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். குறையுள்ள பாகத்தை மாற்றித் தந்தால் போதும், முழு வண்டியையும் மாற்ற வேண்டியதில்லை என்று 2006-இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதலில் பாகம், அது இயலாவிட்டால் வண்டி அல்லது பணம், அதோடு இழப்பீடும் வழக்குச் செலவும் என்று அடுக்கிக் கேளுங்கள்.

9. பாகம் மாற்றியபின்

கழற்றிய பழைய பாகம் நிறுவனத்துக்குச் சொந்தம், உங்களுக்குத் தரமாட்டார்கள். கொண்டுபோவதற்கு முன் நாற்புறமும் படம் எடுங்கள். புதிய பாகத்துக்குத் தனியாக முழு வாரண்டி கிடைக்காது, வண்டியின் மீதமுள்ள காலம்தான் பொருந்தும் என்பதே வழக்கமான நிபந்தனை.

கிராங்க் கேஸ் மாற்றியவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை. என்ஜின் எண் பொறிக்கப்பட்டிருப்பது அதில்தான். புதிய கேஸில் எந்த எண் இருக்கிறது, பழைய எண்ணையே பொறித்தார்களா என்பதற்கு நிறுவனத்தின் கடிதமும் அந்தப் பாகத்தின் பில்லும் வாங்காமல் வெளியே வராதீர்கள். என்ஜின் மாற்றத்தை 14 நாளுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கூறுகிறது. கே.எல். 70 வண்டியென்றால் சித்தூர் ஆர்.டி. அலுவலகத்தில் கடிதம், பில், ஆர்.சி., இன்சூரன்ஸ் நான்கையும் கொடுத்து, ஆர்.சி.யில் எண்ணைத் திருத்தி வாங்குங்கள். திருத்திய ஆர்.சி.யின் நகலை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அனுப்பி, பாலிசியிலும் அதே எண்ணைப் பதியச் சொல்லுங்கள். இரண்டிலும் எண் வேறுபட்டிருந்தால், அடுத்த விபத்துக் கோரிக்கையில் அதையே காரணமாகக் காட்டுவார்கள்.